நுவரெலியாக் குளிரில் ஓடிய அரை மரதன் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலையைச் சொந்த இடமாகக் கொண்ட நீங்கள் கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு, காலிமுகத்திடலிலும் வெள்ளவத்தைக் கடற்கரையோரத்திலும் நான்கு மாதங்கள் பயிற்சி செய்திருக்கிறீர்கள். தைப்பொங்கலை ஒட்டி வீட்டுக்கு வந்த இடத்தில் இரண்டு வாரம் பயிற்சி குறைந்துபோயிருக்கிறது. அந்தக் கவலையோடேயே ஜனவரிக் கடைசியில் நுவரெலியாவில் நடந்த அரை மரதனில் ஓடி, 2 மணித்தியாலம் 30 நிமிடம் பிடிக்கும் என்று எண்ணிய தூரத்தை 2 மணித்தியாலம் 13 நிமிடத்தில் முடித்திருக்கிறீர்கள். பாதை அளவில் குறைந்திருக்குமா, மலையில் பிறந்த உடம்பு என்பதால் இப்படி நடந்ததா, இதை நம்பி வரும் ஏப்ரலில் முழு மரதனுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். மலையகத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்கி வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். உங்கள் உடம்பு அன்று தன் தகுதிக்கு மேலே எதையும் செய்யவில்லை. கொழும்பு வெக்கையில் வைத்துப் போட்ட கணிப்புத்தான் அந்தத் தகுதிக்கு வெகுவாகக் கீழே நின்றது.

பாதையைப் பற்றிய ஐயத்தைத் தீர்ப்பது எளிது. அரை மரதன் என்பது 21.0975 கிலோமீற்றர். நீங்கள் ஓடிய வேகம் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6 நிமிடம் 18 விநாடி. அந்த வேகத்தில் பாதை 200 மீற்றர் குறைந்திருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் ஒன்றேகால் நிமிடம் மட்டுமே. 17 நிமிடம் மிச்சமாக வேண்டுமானால் பாதை இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட குறை ஓடிய எவர் கண்ணுக்கும் தப்பாது. உங்கள் கைக்கடிகாரம் 20.9 என்று காட்டியதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். மரங்கள் அடர்ந்த வளைவுப் பாதையில் செய்மதிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும்போது கடிகாரம் வளைவுகளை நேர்கோடாக வெட்டிக் கணக்கிடுவது வழக்கம். முறைப்படி அளக்கப்படும் பாதைகளை, சில்லின் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், ஓடுபவர் செல்லக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் வழியே அளந்து, அதற்கு மேலும் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டி வைப்பார்கள். குறைந்துவிடக்கூடாது என்பதற்காகவே அந்தக் கூடுதல்.

இனிக் கணிப்புக்கு வருவோம். டிசம்பரில் காலிமுகத்திடலில் 15 கிலோமீற்றரை 1 மணித்தியாலம் 45 நிமிடத்தில் ஓடினீர்கள், அதாவது கிலோமீற்றருக்கு 7 நிமிடம். அதையே கொஞ்சம் நீட்டி 2 மணித்தியாலம் 30 நிமிடம் என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். இது பயிற்சி ஓட்டத்தின் வேகத்தைப் போட்டியின் வேகமாக எடுத்துக்கொண்ட கணக்கு. ஆனால் செப்டெம்பரில் கொழும்பிலேயே ஒரு 10 கிலோமீற்றர் போட்டியை 61 நிமிடத்தில் முடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் அளவுகோலாகக் கொண்டிருக்க வேண்டும். பீற்றர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இன்றும் பயிற்றுநர்களிடையே புழக்கத்தில் இருக்கிறது. தூரம் இரட்டிப்பானால் நேரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போகும் என்பதை 1.06 என்ற அடுக்கால் அது சொல்கிறது. உங்கள் 61 நிமிடத்தை அதில் இட்டால் அரை மரதனுக்கு 2 மணித்தியாலம் 14 நிமிடத்தை ஒட்டி வருகிறது. நீங்கள் ஓடியதோ 2 மணித்தியாலம் 13 நிமிடம். ஆகவே வியப்புக்குரிய 17 நிமிடத்தில் பெரும்பகுதி செப்டெம்பரிலேயே உங்கள் கால்களில் இருந்தது.

இருந்தாலும் இத்தோடு விடயம் முடிந்துவிடவில்லை. அந்த 61 நிமிடம் கடல் மட்டத்தில் கிடைத்தது. நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்களவு, ஒரு மூச்சில் உள்ளே போகும் ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறைவு. சமவெளியிலிருந்து வருபவரின் ஒட்சிசன் உள்ளெடுக்கும் ஆற்றல் இந்த உயரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இறங்குவது இயல்பு. இதற்குப் பெயர்பெற்ற சான்று 1968இல் மெக்சிக்கோ நகரில் நடந்த ஒலிம்பிக். 2,240 மீற்றர் உயரத்தில் நடந்த 10,000 மீற்றர் ஓட்டத்தில் கென்யாவின் நப்தாலி தெமு தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27 விநாடி. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் அதே தூரத்தை 27 நிமிடம் 39 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார். அந்தக் கிளார்க் மெக்சிக்கோவில் ஆறாவதாக வந்து, முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். உயரம் ஓட்டக்காரரிடம் அறவிடும் வரி அத்தகையது. நீங்களும் அந்த வரியைக் கட்டியிருக்க வேண்டும். அப்படிக் கட்டியும் நேரம் கூடவில்லை என்றால், அதற்கு ஈடான வேறொன்று உங்கள் பக்கம் இருந்திருக்கிறது. அதுதான் குளிர்.

குளிர் செய்யும் உதவியைப் பலரும் குறைத்தே மதிக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ள உங்களுக்கு அரை மரதன் முழுவதற்கும் ஏறத்தாழ 1,370 கிலோகலோரி. இதில் நான்கில் ஒரு பங்கு அளவே கால்களின் வேலையாகிறது. மீதி 1,000 கிலோகலோரியும் வெப்பமாக உடம்புக்குள்ளே தங்குகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று தோலிலிருந்து நேரடியாகக் காற்றுக்குக் கொடுப்பது, மற்றது வியர்த்து ஆவியாக்குவது. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். கொழும்பில் விடியற்காலையில்கூட வெப்பநிலை 23, 24 பாகை செல்சியஸ் இருக்கும், காற்றும் நீராவியால் நிரம்பியிருக்கும். ஆகவே வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது, அப்படிச் சொட்டும் வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை. அந்த நிலையில் இதயம் கால் தசைகளுக்கு அனுப்ப வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதியைத் தோலுக்குத் திருப்பிவிட வேண்டியதாகிறது. அதே வேளை, வியர்த்துப்போன நீரால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. இரண்டையும் ஈடுசெய்ய இதயம் வேகமாகத் துடிக்கிறது. காலிமுகத்திடலில் வேகத்தைக் கூட்டாமலே உங்கள் நாடித்துடிப்பு 150இல் தொடங்கி 174 வரை ஏறியதற்கும், நுவரெலியாவில் அதைவிட வேகமாக ஓடியும் 165ஐத் தாண்டாததற்கும் இதுவே காரணம்.

ஜனவரிக் காலையில் நுவரெலியாவில் முடிவுக்கோட்டருகே நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஓடி வந்து நிற்கும் பிள்ளைகளின் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் வெயிலில் ஆவி எழும்பும். பனியனைத் தொட்டுப் பார்த்தால் முதுகு நடுவில் மட்டும் ஈரமாக இருக்கும், ஓரங்கள் காய்ந்திருக்கும். அதே பிள்ளைகளைப் போட்டிக்காகக் கொழும்புக்கு அழைத்துப் போனால், ஐந்து கிலோமீற்றரிலேயே காற்சட்டை விளிம்பிலிருந்து நீர் சொட்டும். வெப்பம் எவ்வளவு கொடியது என்பதற்கு 2019 செப்டெம்பரில் கத்தார் தலைநகர் டோகாவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியைச் சொல்லலாம். வெயிலைத் தவிர்க்கப் பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பநிலை 30 பாகைக்கு மேல், ஈரப்பதனும் மிகுதி. தொடங்கிய 68 பேரில் முடித்தவர்கள் 40 பேர்தான். தேர்ந்த வீராங்கனைகளுக்கே அந்த நிலை என்றால், வேலை முடிந்து வந்து பயிற்சி செய்யும் ஒருவர் கொழும்பில் தன்னை மெதுவானவர் என்று எண்ணிக்கொண்டது இயல்பே. நெடுந்தூர ஓட்டத்துக்கு மிகவும் உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 5 முதல் 12 பாகை வரை என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. வானம் தெளிந்த ஜனவரி விடியலில் கிரகரி வாவியைச் சுற்றிய பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி நிற்பதால், சரிவுகளைவிட அங்கே குளிர் கூடுதலாக இருக்கும். சில நாட்களில் புல்லில் உறைபனி படிந்து, தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். நீங்கள் ஓடிய அன்று 9 பாகை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல நாள் உங்களுக்கு வாய்த்திருக்காது.

மலையில் பிறந்த உடம்பு என்ற விளக்கத்தை நான் பாதி மட்டுமே ஏற்கிறேன். நம் ஊரில் மலை இரத்தம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கென்யாவின் ஓட்டவீரர்கள் வளரும் இட்டென் போன்ற ஊர்கள் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் உள்ளன. தலவாக்கலையோ அதில் பாதி, ஏறத்தாழ 1,200 மீற்றர். அந்த உயரத்தில் இரண்டு வாரம் தங்கியதால், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் சொல்லத்தக்க அளவு பெருகியிருக்க வாய்ப்பில்லை. சிவப்பணு பெருகுவதற்கு இன்னும் உயரமான இடமும் மூன்று, நான்கு வாரங்களும் வேண்டும். இரத்தம் என்று பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தோட்டப்புறத்துப் பிள்ளைகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளில், நான் அடிக்கடி காண்பது இரும்புச்சத்துக் குறைவு. சாப்பாட்டோடு சேர்த்தே தேநீர் குடிக்கும் நம் பழக்கம் இதைக் கூட்டிவிடுகிறது, ஏனென்றால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்வதைத் தேயிலையில் உள்ள சேர்மங்கள் தடுக்கின்றன. பிளேன்டீயைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும். ஈமோகுளோபின் குறைந்த பிள்ளை எந்த மலையில் பிறந்திருந்தாலும் ஏற்றத்தில் மூச்சுவாங்கி நிற்கும், அதைச் சோம்பல் என்று திட்டும் பயிற்றுநர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. நீங்களும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நான் ஏற்கும் மறுபாதி கால்களைப் பற்றியது. நகரத்தில் தொடங்கி வாவியோரமாகப் போய், பதுளை வீதியில் சீதையம்மன் கோயிலைத் தாண்டி ஹக்கலைப் பக்கமாக இறங்கி, வந்த வழியே ஏறித் திரும்பிய பாதை அது. இப்படிப்பட்ட பாதையில் சமவெளிக்காரர்களை வீழ்த்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்க முயலும் அதே கணத்தில் இழுபடுகிறது. உடம்பின் எடையைத் தாங்கித் தாங்கி அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. போகும் வழியில் இறக்கத்தில் பறந்து வந்தவர்கள், திரும்பி ஏறும்போது தொடை கல்லாகி நடக்கத் தொடங்கியதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆனால் இறக்கத்தில் ஒரு முறை வருந்திய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வெகுவாக நோகாமல் செய்துவிடும். வீட்டிலிருந்த இரண்டு வாரமும் லயத்து வீட்டுக்கும் பிரதான வீதிக்கும் இடையே குறுக்குப் பாதையில் ஏறி இறங்கியதும், உறவினர் வீடுகளுக்குப் பொங்கல் சாமான்களைச் சுமந்துபோனதும், முதல் மூன்று நாள் தொடைவலி வந்து பிறகு மறைந்ததும் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வரும் செய்திகள். எனக்கு அவையே முக்கியமாகப்படுகின்றன. காலிமுகத்திடலின் சமதரையில் எவ்வளவு ஓடியிருந்தாலும் அந்தப் பக்குவம் வந்திராது.

அந்த இரண்டு வாரத்தை வீணாய்ப்போன நாட்கள் என்று எழுதியிருப்பதையும் மறுக்கிறேன். போட்டிக்கு முந்திய இரண்டு வாரத்தில் ஓடும் தூரத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, வேகமான சிறு ஓட்டங்களை மட்டும் விடாமல் வைத்துக்கொள்வது தேர்ந்த வீரர்கள் எல்லோரும் கைக்கொள்ளும் முறை. மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பு இறங்குவதற்கும், தசைகளில் மாச்சத்துச் சேமிப்பு நிரம்புவதற்கும் அந்த இடைவெளி வேண்டும்; அதனால் கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்றாலும், உங்கள் நேரத்தில் அது மூன்று, நான்கு நிமிடம். உடற்தகுதி பத்துப் பன்னிரண்டு நாளில் உருகிப்போவதில்லை. நீங்கள் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதை விடுமுறை செய்துவைத்தது. பொங்கல் சோறும் அதில் தன் பங்கைச் செய்திருக்கிறது.

கடைசியாக, அன்று நீங்கள் தொடங்கிய விதம். பயிற்சி போதாது என்ற பயத்தாலும், ஒடுங்கிய வீதியில் கூட்டம் நெருக்கியதாலும் முதல் மூன்று கிலோமீற்றரில் மற்றவர்கள் முந்திப்போக விட்டுவிட்டீர்கள். இறங்கிப் போன பாதிக்கு 1 மணித்தியாலம் 6 நிமிடமும் ஏறி வந்த பாதிக்கு 1 மணித்தியாலம் 7 நிமிடமும் எடுத்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பாதையில் இரண்டு பாதிகளும் ஒரு நிமிட வித்தியாசத்தில் அமைவது அனுபவசாலிகளுக்கே அரிது. அடுத்த முறை நம்பிக்கை கூடியிருக்கும்போது இதைத்தான் இழந்துவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன். நேரம் நன்றாக வந்த மறு போட்டியில் முதல் ஐந்து கிலோமீற்றரை அவசரமாக ஓடிக் கெட்டுப்போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை வந்த வறட்டு இருமலுக்குக் காரணம், குளிர்ந்து வறண்ட காற்றை வாயால் வேகமாக இழுத்ததால் மூச்சுக்குழாய் வறண்டு எரிச்சல் கண்டதே. ஒரு நாளில் தணிந்துவிட்டது என்றால் கவலையில்லை. மூச்சில் விசில் சத்தமோ நெஞ்சிறுக்கமோ இருந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதையும், கோட்டைத் தாண்டிய சில நிமிடங்களுக்குள் ஈர உடையை மாற்றாவிட்டால் உடம்பு நடுங்கத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த உயரத்தில் வெயில் சுடாவிட்டாலும் தோலைக் கருக்கும், ஆகவே தொப்பி வேண்டும்.

முழு மரதனைப் பற்றி நேராகவே சொல்கிறேன், வரும் ஏப்ரலில் வேண்டாம். அதே சூத்திரம் உங்களுக்கு 4 மணித்தியாலம் 37 நிமிடம் என்று கணக்குக் காட்டும். ஆனால் வாரத்துக்கு 30 கிலோமீற்றர் ஓடுபவர்களிடம் அந்தக் கணக்கு பலிப்பதில்லை. உடம்பின் மாச்சத்துச் சேமிப்பு ஏறத்தாழ 2,000 கிலோகலோரி அளவே; அரை மரதன் அதற்குள் அடங்கிவிடுகிறது, முழு மரதனில் 30ஆவது கிலோமீற்றரை ஒட்டி அது தீர்ந்துவிடும். அதைத் தாண்டுவதற்கு, இடையில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உட்கொள்ள வயிற்றைப் பழக்குவதும், 28, 30 கிலோமீற்றர் வரை நீளும் பயிற்சி ஓட்டங்களும் வேண்டும். ஏப்ரல் கொழும்பில் மிகவும் புழுக்கமான மாதம். அந்த வெக்கையில் இவற்றை மூன்று மாதத்துக்குள் முடித்து 42 கிலோமீற்றர் ஓடுவது உடம்பை வதைப்பதாகும்.

இப்போதைக்கு இரண்டு வாரம் மெதுவான ஓட்டம் மட்டும் போதும். அதன் பிறகு கொழும்பில் விடிவதற்கு முன்னே தொடங்கி, கிலோமீற்றருக்கு 7 நிமிடம் 30 விநாடி என்ற அளவில், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியத்தில் பேசக்கூடிய வேகத்தில் ஓடுங்கள்; நாடி 150ஐத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். இதுவரை 7 நிமிடத்தில் ஓடிய ஒவ்வொரு பயிற்சியும் அந்த வெக்கையில் போட்டி அளவு கடினமாகவே இருந்திருக்கிறது. வாரத் தூரத்தைப் படிப்படியாக 45 கிலோமீற்றருக்கு உயர்த்தி, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகப் பயிற்சி வையுங்கள். இடையில் கொழும்பில் அரை மரதன் ஓட நேர்ந்தால் 6 நிமிடம் 40 விநாடி வேகத்தில் தொடங்குங்கள், அங்கே 2 மணித்தியாலம் 20 நிமிடம் வந்தாலும் அது நுவரெலியாவில் ஓடியதற்குக் குறைந்ததல்ல. அடுத்த ஜனவரியில் அதே பாதைக்கு வரும்போது 2 மணித்தியாலம் 8 நிமிடத்தை இலக்காக வைக்கலாம். அதற்குக் கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 4 விநாடி வேண்டும். ஆனால் வாவியைத் தாண்டும்வரை 6 நிமிடம் 15 விநாடிக்கு மேல் வேகம் வேண்டாம்.